தண்ணீருக்குப் பயந்து கட்டிய அறை

என் அக்காவின் கணவருக்குத் தண்ணீர் என்றால் அப்படியொரு ஆசை. உசிலம்பட்டிக்கு மேற்கே, வானத்தை நம்பி விதைக்கிற ஒரு ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் மாடு குடித்தது போக மிச்சத்தில்தான் குளியல் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்து மதுரைக்கு வந்த பிறகும், தெருக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் தாண்டிப் போகமாட்டார். நின்று, இறுகத் திருகி அடைத்துவிட்டுத்தான் நகர்வார்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் சொந்த வீட்டுக்கு மனை தேடினார்கள். அக்கா மிஷன் பள்ளி ஒன்றில் அலுவலக எழுத்தர். அவளுக்குப் பள்ளிக்கும் மாதா கோயிலுக்கும் பக்கத்தில் இருந்தால் போதும். மச்சானுக்கு அது போதவில்லை. வாரக்கணக்கில் ஸ்கூட்டரில் சுற்றிவிட்டு, நகரத்துக்கு வடக்கே, அழகர்கோவில் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்த மனையைப் பிடித்தார். முன்பு அது வயல். என்னைக் கூட்டிப்போய்க் காட்டியபோது செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணை மிதித்துப் பார்த்தார்.

"மாப்ள, மிதிச்சுப் பாரு. சித்திரை மாசத்துல ஈரம்டா. ஆயுசுக்கும் தண்ணிக் கஷ்டம் வராது."

வீடு கட்டினார்கள். ஆழ்துளைக் கிணற்றில் அவர் சொன்ன மாதிரியே தண்ணீர் வந்தது. சாயங்காலம் கரையில் ஏறி நின்று கண்மாயைப் பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அதற்குள் கண்மாயின் ஒரு பக்கம் மண் மேடாகி வீடுகள் வந்துவிட்டன. உபரித் தண்ணீர் போகிற வாய்க்கால் தெருவோரச் சாக்கடை அளவுக்கு ஒடுங்கியிருந்தது. இதையெல்லாம் நானும் பார்த்தேன். ஆனால் கண்மாய் நிரம்பி அப்போது பல வருடங்கள் ஆகியிருந்தன. நிரம்பாத கண்மாயைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

நான் வரைபடம் போடுகிறவன். முதலில் நில அளவை செய்யும் ஒருவரிடம் வேலை பார்த்தேன். பிறகு கோரிப்பாளையத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்தேன். மழை, வெயில், வறட்சி ஆகியவற்றால் நகரத்தின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பாதிப்பு வரும் என்று கணக்கெடுத்து வரைபடமாக்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. வெள்ளத்துக்கு ஒரு குழு, வெயிலுக்கு ஒரு குழு, தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஒரு குழு. வெள்ளம் நீலம், வெயில் சிவப்பு, பஞ்சம் மஞ்சள். நான் நீலக் குழு. அக்கா தெரு அப்போதே என் படத்தில் நீலமாகத்தான் இருந்தது, ஆனால் வெளிர் நீலம்.

ஒரு ஐப்பசியில் அந்த மழை வந்தது. மத்தியானம் பிடித்தது, விடவே இல்லை. நான் அலுவலகத்திலிருந்து கிளம்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம் காதை அடைத்தது.

"தம்பி, கண்மாய் ஒடஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. வாசல்ல தண்ணி வந்துருச்சுடா. இந்த மனுசன் மேல ஏற மாட்டேங்குறாரு."

"போன அவருகிட்டக் குடு."

மச்சான் வாங்கினார். "ஒண்ணுமில்ல மாப்ள. இன்வெர்ட்டர் பேட்டரியத் தூக்கி வச்சிட்டு ஏறிருவேன். நீ வராத, ரோடே தெரியல" என்றார். அவர் குரலில் பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

மறுநாள் காலையில்தான் என்னால் போக முடிந்தது. சாலையில் பாதியிலேயே இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். அக்கா மொட்டை மாடியில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டு மாடியில் அந்த வீட்டு டீச்சரும் அவருடைய மாமியாரும் ஒரே குடைக்குள் இருந்தார்கள். அந்த மாமியாரம்மா குளிரில் நடுங்கியது தெருவைத் தாண்டித் தெரிந்தது. கீழே வீட்டுக்குள் மெத்தையும் மரச் சாமான்களும் மிதந்தன. தண்ணீரில் சாக்கடை நாற்றம்.

அவர்களை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஈரத் துணியை மாற்றும்போதுதான் மச்சானின் வலது பாதத்தை என் மனைவி பார்த்தாள். பேட்டரியைத் தூக்கும்போது ஏதோ கிழித்திருக்கிறது. நீளமான வெட்டு, ஓரங்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன.

"வலிக்கலையாண்ணே?" என்றாள்.

"இல்லையே" என்றார் அவர், தன் காலையே அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி.

பல வருடமாகச் சர்க்கரை நோய் அவருக்கு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சாக்கடைத் தண்ணீரில் நின்ற திறந்த காயத்தோடு ஒரு இரவு முழுக்க மாடியில் நனைந்தபடி இருந்திருக்கிறார். ஊசி போட்டார்கள், கட்டுப் போட்டார்கள். ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் முன்பாதத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம், "பேட்டரி ஓடுதா மாப்ள?" என்று கேட்டார். ஓடவில்லை. ஓடுகிறது என்று சொன்னேன்.

மழைக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வேலை குவிந்தது. தெருத் தெருவாகப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்து எழுத வேண்டும். அக்கா தெருவையும் நான்தான் அளந்தேன். அவள் வீட்டு ஹாலில் யேசு படத்துக்குச் சற்றுக் கீழே பழுப்பாக ஒரு கோடு சுவரைச் சுற்றி ஓடியது. டேப்பின் ஒரு முனையை அக்காவே பிடித்துக்கொண்டாள்.

"இத எழுதி என்னடா செய்வீங்க?"

"எந்தெந்தத் தெருவுக்கு ஆபத்துன்னு தெரியும்க்கா."

"எங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மழை அவளை மாற்றிவிட்டது. மேகம் கூடினால் சோறு இறங்காது. இடி இடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு மகள் இருக்கிறாள், திருமணமாகித் திருப்பூரில். அங்கே வந்துவிடும்படி கூப்பிட்டாள். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு இரண்டு அறை வீட்டில் நான்கு பேரோடு எப்படி இருப்பது என்று மச்சான் மறுத்தார். வீட்டை விற்கலாமென்றால் தண்ணீர் புகுந்த தெரு என்று ஊருக்கே தெரியும். யார் வாங்குவார்கள்?

மாடியில் ஒரு அறை எடுப்பது என்ற யோசனை அப்படித்தான் வந்தது. இன்னாருடைய யோசனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா கேட்டாள், மச்சான் ஒப்புக்கொண்டார், நான் நல்லது என்றேன். ஊறிய சுவர்கள் கான்கிரீட் கூரையைத் தாங்காது என்று கொத்தனார் சொன்னார். அதனால் செங்கல் சுவர் எழுப்பி மேலே தகரம் போட்டார்கள். ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, ஒரு கட்டில். எதிர் வீட்டு டீச்சரும் வந்து பார்த்துவிட்டு, அதே கொத்தனாரை வைத்து அதே மாதிரி ஒன்று எடுத்தார். அந்தத் தெருவில் பிறகு இன்னும் சில வீடுகளில் எழும்பின. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா மாடிகளிலும் நீலத் தகரம் பளபளக்கும்.

எங்கள் அலுவலகத் தலைவி ஒரு பொறியாளர். நல்ல மனுஷி. வெள்ளப் படத்தைச் சரிபார்க்கும்போது, உயரத்தில் ஒதுங்க இடம் உள்ள வீடுகளுக்கு ஆபத்தின் அளவை ஒரு படி குறைக்கலாம் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. வெள்ளத்துக்குப் பிறகு அடர் நீலமாகியிருந்த அக்கா வீடு ஒரு படி இறங்கியது. கணினியில் அந்த நிறத்தை நானே மாற்றினேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஐப்பசி நெருங்கும்போது வானொலியில் கனமழை என்றார்கள். அக்கா பயந்துபோய் என்னை வரச் சொன்னாள். நானும் எதிர் வீட்டு டீச்சரின் கணவரும் சேர்ந்து மச்சானை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினோம். படிக்கட்டு வெளிப்புறத்தில் இருந்தது. குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான். வழியெல்லாம் அவர், "சில்லறையா வச்சுக்கங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்குச் சிரிப்பில் கை நழுவப் பார்த்தது.

மழை வரவில்லை. அந்த வருடம் முழுக்கவே வரவில்லை. கார்த்திகை வெறுமையாகப் போனது, மார்கழியும் அப்படியே. கண்மாயில் வெள்ளத்தன்று நின்ற தண்ணீர் உடைப்பு வழியே அப்போதே போயிருந்தது. மிச்சம் வற்றி, நடுவில் ஆடு மேய்ந்தது.

மச்சான் மேலேயே இருந்துவிட்டார். இறக்கவும் ஏற்றவும் ஆள் வேண்டும், எத்தனை தடவைதான் அடுத்தவர்களைக் கூப்பிடுவது என்பது அவர் வாதம். திடீரென்று தண்ணீர் வந்தால் தன்னால் தனியாக அவரைத் தூக்க முடியாதே என்பது அக்காவின் பயம். கக்கூஸ் கீழே. ஊன்றுகோலும் கைப்பிடியுமாக அவர் ஒரு நாளைக்கு ஒரு முறை, காலையில், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கும். மற்ற நேரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாத்திரம் வைத்திருந்தார்கள். அதை அக்கா எடுத்துப் போய்க் கொட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் சந்தேகம் இருந்திருக்கிறது. சொம்பு காலையில் வைத்த அளவிலேயே சாயங்காலம் இருக்கும். கேட்டால், "குடிச்சு மறுபடி ஊத்தி வச்சேன்" என்பாராம்.

மாசியிலேயே வெயில் ஏறியது. பங்குனியில் ஆழ்துளைக் கிணறு காற்றைத்தான் கக்கியது. ஆயுசுக்கும் தண்ணீர் வற்றாது என்று அவர் வாங்கிய மண். அதற்குப் பிறகு லாரித் தண்ணீர்தான். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டதும் அக்கா குடங்களோடு தெருமுனைக்கு ஓடுவாள். அறுபதை நெருங்கியவள். கீழ்வீட்டு வேலைக்கு, சமையலுக்கு, மாடிக்கு என்று பங்கு போட்டுத்தான் செலவழிப்பாள். மாடித் தொட்டியில் கொஞ்சம் ஏற்றினால், மத்தியானத்துக்குள் அது கை வைக்க முடியாத சூடாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நான் போவேன். படி ஏறும்போதே அனல் முகத்தில் அறையும். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அது தகரத்தின் சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மச்சான் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் இருப்பார். துண்டு நான் பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

"கீழ வந்துருங்க மச்சான். மழையா வரப்போகுது? இந்த வெயில்ல இங்க இருக்க முடியாது."

"எங்க ஊர்ல இதவிட வெயிலு மாப்ள. அம்புட்டு வெயில்லயும் புழுதி உழவு ஓட்டிருக்கேன்."

"அப்ப உங்களுக்கு இருபது வயசு."

"இப்ப மட்டும் என்ன, அறுபத்தஞ்சுதான" என்று சிரித்தார். உதடு வெடித்திருந்தது. சிரித்தபோது ரத்தம் துளிர்த்தது.

நான் கீழே போய் அக்காவிடம் சொன்னேன். வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் ஒருத்தி, தம்பி. தண்ணி வந்தா நான் என்ன செய்வேன்?" என்றாள். சித்திரை வெயிலில், கண்மாயில் ஆடு மேயும்போது, வெள்ளத்துக்குப் பயந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்பளவு தண்ணீரை வீட்டுக்குள் பார்த்தவள் அவள்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் போடுவது. ஆள் பிடித்து, கீற்று இறக்கி, கயிறு கட்டிப் பரப்பினோம். நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. மச்சான் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அக்கா எனக்குக் கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். வீட்டில் நெடுநாள் கழித்துக் கொஞ்சம் லேசாக இருந்தது.

அந்த வாரத்திலேயே கோடை மழை வந்தது. மழை என்பதைவிடக் காற்று என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் வடமேற்கில் கறுத்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து அடித்தது. அழகர்கோவில் சாலையில் மரங்கள் விழுந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன. கீற்று முழுவதையும் காற்று அள்ளிக்கொண்டு போய்க் கண்மாய்க்குள் போட்டது. மழை கொஞ்ச நேரம்தான், தூசி அடங்கும் அளவுக்கு. ஆனால் மச்சானுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. ஜன்னல் வழியே கையை நீட்டி மழையைப் பிடித்து முகத்தில் தடவிக்கொண்டார் என்று அக்கா சொன்னாள். எனக்குப் போன் போட்டு, "மாப்ள, மண்வாசம் வருதுடா" என்றார். அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

மின்சாரம் மறுநாளும் வரவில்லை. விழுந்த கம்பங்கள் அதிகம், சரிசெய்கிறவர்கள் ஒவ்வொரு தெருவாகத்தான் வந்தார்கள். ஈரம் ஆவியாகி, காற்றசைவு இல்லாமல், நகரமே இட்லிப் பானைக்குள் இருப்பது மாதிரி இருந்தது. கோரிப்பாளையத்தில் என் வீட்டிலேயே உட்கார முடியவில்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் நிரப்பும் இடத்தில் லாரிகளும் நின்றுவிட்டன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதற்கடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்னால் ஒரு லாரி வந்திருக்கிறது. அக்கா குடங்களை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கூட்டம் அதிகம், நேரமாகிவிட்டது.

அவள் திரும்பி வந்து மாடி ஏறியபோது மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோலில் வேர்வையே இல்லை. முகம் சிவந்து, கண் எங்கேயோ இருந்தது. "செக்கானூரணி எறங்கு. கருமாத்தூர், கருமாத்தூர் ஆள் இருக்கா? வழி விடும்மா, உசிலம்பட்டி கடைசியாப் போ" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். அதுவரைக்கும் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் அவளைப் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டியா ஆத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் தலையில் ஊற்றியிருக்கிறாள். பிறகுதான் எனக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. விழுந்த மரம் ஒன்று இன்னும் குறுக்கே கிடந்தது. டீச்சரின் கணவரும் இன்னும் இரண்டு பேரும் மச்சானை நாற்காலியில் வைத்துப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உடம்பின் சூடு இரும்பு நாற்காலியில் ஏறி என் கையைச் சுட்டது. ஆஸ்பத்திரி போவதற்குள், வண்டிக்குள்ளேயே, அக்காவின் மடியில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட நேரமாயிற்று. மேலே விரற்கடை ஆழத்துக்குக் கோடை மழையின் ஈரம், அதற்குக் கீழே கல் மாதிரி இறுகிய மண். வெட்டியவர்கள் கடப்பாரையால் பெயர்த்துப் பெயர்த்து எடுத்தார்கள். சாமியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். நின்றவர்களில் ஒரு வயதானவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை. வெயிலில் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குடை பிடித்த மகளின் கையைத் தள்ளிவிட்டாள்.

சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தது. பொய்யென்று சொல்ல முடியாது. இதயம் நின்றுதானே போனார்.

ஒரு வாரம் கழித்து அலுவலகம் போனேன். தலைவி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நடந்ததை அடுத்தடுத்துச் சொன்னேன். வெள்ளத்தில் கால் கிழிந்தது, கால் போனதால் மாடியிலேயே இருந்தது, தண்ணீர்த் தட்டுப்பாடு, தகரம், காற்று, மின்சாரம் போனது, எல்லாம்.

அவர் மேஜையிலிருந்த வெயில் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வெயில் கணக்குல அவரு வரமாட்டாரு சார்" என்றார். "சர்டிபிகேட்ல அப்படி இல்ல."

"தெரியும் மேடம்."

"வெள்ளக் கணக்கு போன வருசமே முடிஞ்சது. அதுலயும் வரமாட்டாரு."

"ஆமா."

"நாம மூணு படமும் தனித்தனியாப் போட்டோம்" என்றார். என்னிடம் சொன்னது போலவே இல்லை. எழுந்து மூன்று படங்களையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். வடக்கே கண்மாய்களுக்குக் கீழே இருந்த தெருக்கள், ஆற்றங்கரைக் குடிசைகள், தெற்கே புதுமனைகள் என்று நிறங்கள் குழம்பிச் சேறு மாதிரி ஆகிவிட்டன. அந்த நிறத்துக்கு எங்கள் குறிப்பில் பெயர் கிடையாது. அவர் மேலிடத்துக்கு எழுதினார். அடுத்த முறை சேர்த்துப் பார்க்கலாம், இந்த அறிக்கை போய்விட்டது என்று பதில் வந்தது.

என்னால் அதோடு இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா தெருவில் தகர அறை இருந்த வீடுகளுக்கெல்லாம் போனேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் வயதானவர்களைத்தான் மேலே வைத்திருந்தார்கள். ஓட முடியாதவர்கள் முதலில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற அக்கறையில்தான். வெயில் காலத்தில் அவர்களைக் கீழே இறக்கிவிடுங்கள் என்று சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலருக்கு நான் யாரென்றே புரியவில்லை. எதிர் வீட்டு டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கீழ ஒரே ரூம்தாண்ணே. பிள்ளைக படிக்கணும், நாங்க படுக்கணும். அப்படியே எறக்குனாலும் திடீர்னு மழை வந்தா?" என்றார்.

நான் மாடியைப் பார்த்தேன். அந்த மாமியாரம்மா மேலேயிருந்து யாரு வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். திருப்பூருக்குப் போகமாட்டேன் என்றாள். முதல் சில மாதங்கள் பேச்சே இல்லை. என் மனைவியோடு காய் நறுக்குவாள், துணி மடிப்பாள், ஜெபமாலை உருட்டுவாள். என் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வைத்தால், அதை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். தாகம் இருக்கிறதோ இல்லையோ.

அந்த ஐப்பசியில் மழை மறுபடி வந்தது. உடைந்த கரையை மண்ணும் மூட்டையுமாக அடைத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. காலையில் டீச்சர் போன் செய்தார். அக்காவிடம் பேச வேண்டுமென்றார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி போயிருச்சுக்கா. ஜன்னல் வரைக்கும் நிக்கிது. நாங்க எல்லாரும் மேல இருக்கோம். அத்தையும் நல்லா இருக்காங்க. போன தடவ மாதிரி நனையல. இந்த ரூம் மட்டும் இல்லேன்னா என்னாயிருக்குமோ."

அக்கா அவரைக்காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. "பத்திரமா இருங்கம்மா" என்றாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தண்ணி வடிஞ்சதும் அத்தையக் கீழ எறக்கிரு. பிள்ளைக மேல படிக்கட்டும். பங்குனிக்குள்ள எறக்கிரணும், கேக்குதா? பகல்ல ஒருத்தரு கூடவே இருக்கணும். தண்ணி குடிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டே இரு. குடிச்சேன்னு சொன்னா நம்பாத."

"சரிக்கா" என்றார் டீச்சர். மழைச் சத்தத்தில் எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை.

பங்குனி பிறந்து சில நாட்கள் கழித்து, அக்கா வீட்டைத் திறந்து காற்றாட விடலாமென்று நான் போனேன். சுவரில் பழைய கோட்டுக்குக் கொஞ்சம் கீழே புதிதாக ஒரு கோடு. ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து எதிர் மாடியைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. அந்த அம்மா வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, சுவரின் ஒடுங்கிய நிழலில் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார், பிள்ளைகளும் போயிருந்தார்கள்.

என்னை அடையாளம் தெரிந்ததும் கையை ஆட்டினார்கள். "அக்கா நல்லா இருக்காளா?" என்று கேட்டார்கள். நல்லா இருக்காங்க என்றேன்.

"தம்பி, கீழ பானையில தண்ணி இருக்கும். ஒரு சொம்பு கொண்டு வாரியா? மருமக வர வரைக்கும் இருப்பம்னுதான் பாத்தேன். முடியல."

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.